கணவர் விட்ட சபை, விட முடியாத குடும்பம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் பிறந்தவர், வேலைக்காகப் போன இடத்தில் அமெரிக்கர் ஒருவரை 2019-இல் மணந்துகொண்டவர். அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவர் மார்மன் குடும்பத்தில், அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்த குடும்பத்தில், பிறந்தவர். 2012-இல், 19 வயதில், பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவுக்கு மிஷனரியாகச் சென்று இரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்தார். கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கும் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் அங்கே ஞானஸ்நானம் கொடுத்தார். ஊர் திரும்பினார், படித்தார், வேலையில் சேர்ந்தார், மணம் முடித்தார். 2021-இல் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டார். "எனக்கு இப்போது அந்த நம்பிக்கை இல்லை" என்று மனைவியிடம் தெளிவாகச் சொல்லியும் இருக்கிறார். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும், அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையாக இருக்கும் நேரத்தில், அந்தக் குடும்பத்தோடு காணொளியில் பேசுகிறார். அவர்கள் இன்றும் அவரை, ஆண் மிஷனரிகளை அழைக்கும் பட்டமான 'எல்டர்' என்றுதான் அழைக்கிறார்கள். பேச்சு முடியும்போது அவர்களுக்காக ஜெபமும் செய்கிறார்.

இரண்டு மாதங்களுக்கு முன் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது, ஆறு ஆண்டுகளாக மாதம் 150 டாலர் அந்தக் குடும்பத்துக்குப் போயிருப்பது தெரியவந்திருக்கிறது. மொத்தம் 10,800 டாலர். இதற்கிடையே அந்த வீட்டின் கடைசி மகன், இப்போது 20 வயது, தானே மிஷனரியாகப் புறப்படுகிறான். தன்னோடு எடுத்துச் செல்ல 'எல்டர்' தன் கைப்பட, தன் விசுவாசத்தைச் சொல்லும் ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறான். மூன்று வாரமாகக் கணவர் வெற்றுத் தாளின் முன் உட்கார்ந்திருக்கிறார்.

சகோதரியின் கேள்விகள் இவை. சபை இன்னும் அவரைக் கட்டாயப்படுத்துகிறதா? அந்தப் பெண்ணோடு வேறு ஏதாவது உறவு இருந்திருக்குமா? நம்பிக்கை இல்லாதவர் ஜெபம் செய்வது ஏமாற்று இல்லையா? கடைசியாக, "நானே அந்த அம்மாவுக்கு முகநூலில் உண்மையை எழுதிவிடலாமா?"

அன்புள்ள சகோதரி,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: வேண்டாம், எழுதாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி பணத்தைப் பற்றியதும் அல்ல, மதத்தைப் பற்றியதும் அல்ல. ஐந்தாம் பக்கத்தின் ஓரத்தில், பிறகு சேர்த்ததுபோல் நுணுக்கி எழுதியிருக்கிறீர்கள்: "என்னிடம் சிரிப்பதைவிட அவர்களிடம் அதிகம் சிரிக்கிறார்." மற்றக் கேள்விகள் எல்லாம் இந்த வலியிலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன என்று நினைக்கிறேன். இந்த வலி நியாயமானது. ஆனால் அதிலிருந்து நீங்கள் கட்டிய சில முடிவுகள் சரியல்ல. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல. இருந்தாலும் மிஷன் முடித்துத் திரும்பியவர்களோடும் அவர்களை மணந்தவர்களோடும் பேசிய அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சபை கட்டாயப்படுத்துகிறதா?

இல்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஆண்களுக்கு ஊழியம் இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. ஊர் திரும்பியதும் உள்ளூர்த் தலைவர் முறைப்படி அவர்களை விடுவிக்கிறார். மார்பில் குத்தியிருந்த கறுப்புப் பெயர்ப்பட்டை அன்றோடு கழன்றுவிடுகிறது. அதன்பின் தாம் ஞானஸ்நானம் கொடுத்தவர்களோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்ற கடமை எதுவும் இல்லை; வைத்திருக்கக் கூடாது என்ற தடையும் இல்லை. எத்தனை பேரைச் சேர்த்தார் என்பதற்காக அவருக்கு ஊதியமோ பதவியோ கிடைப்பதில்லை. ஊழியச் செலவையே பெரும்பாலும் அவரும் அவருடைய குடும்பமும்தான் ஏற்றிருப்பார்கள். ஆகவே இந்தச் சனிக்கிழமைகளை அவர் தாமாகவே விரும்பி வைத்திருக்கிறார். இது உங்களுக்கு ஆறுதலா, மேலும் வருத்தமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உண்மை இதுதான்.

அந்தப் பெண்ணைப் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கும் நேரடியாகப் பதில் சொல்கிறேன். மிஷனரிகள் தனியாக எங்கும் போவதில்லை. இரவும் பகலும் ஒரு துணை ஊழியர் உடன் இருப்பார். பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் இரண்டு இளைஞர்களாகவும் போக முடியாது. மூன்றாவதாக வயதுவந்த வேறொருவர் உடன் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலில் உட்கார்ந்து பேச வேண்டும். விதியை மீறியவர்களே இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய எதிலும் அதற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை. அவர் உங்கள் கண்ணெதிரே, கூடத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரோடும் பேசுகிறார். மறைத்தது பணத்தை மட்டும்தான். அதற்கு வருகிறேன்.

அந்த இரண்டு ஆண்டுகள்

பத்தொன்பது வயதில் அவர் எப்படி வாழ்ந்தார் என்று எண்ணிப் பாருங்கள். இப்போதுள்ள மிஷனரிகள் வாரந்தோறும் வீட்டுக்குத் தொலைபேசலாம். அந்த அனுமதி 2019-இல்தான் வந்தது. உங்கள் கணவர் போன காலத்தில் வாரம் ஒரு மின்னஞ்சல். தாயின் குரலைக் கேட்பது கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும், ஆண்டுக்கு இரண்டே முறை. சொந்தப் பெயரால் அவரை யாரும் அழைக்கவில்லை. 'எல்டர்', அதாவது மூப்பர், அதோடு குடும்பப் பெயர். துணை ஊழியர்கூடச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறிவிடுவார். பாஷை தெரியாத ஊர், வெயில், கதவுக்குக் கதவு மறுப்பு. அப்படிப்பட்ட நாளில் ஒரு வீடு திறந்து, ஒரு தாய் அவர் தட்டில் சோறும் கருவாடும் வைத்திருக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். இதைப் புரிந்துகொள்ள நமக்கு மார்மன் வேதம் தெரிய வேண்டியதில்லை.

அந்தத் தாயின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்றபோது ஒரு நம்பிக்கையை மட்டும் ஏற்கவில்லை. காப்பியையும் தேநீரையும் விட்டார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கத் தொடங்கினார். பிலிப்பைன்ஸில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். உறவினரின் கேள்விகளுக்கும் பதில் சொல்லியிருப்பார். ஓர் இளைஞனின் சொல்லைக் கேட்டு இத்தனையையும் மாற்றிக்கொண்ட குடும்பம் அது. அந்த இளைஞன் இப்போது அதை நம்பவில்லை. அவர் நெஞ்சில் கிடக்கும் கனம் இதுதான் என்று நினைக்கிறேன். மாதம் 150 டாலர் வெறும் அன்பளிப்பு இல்லாமல், தன்னால் அவர்கள் கொடுக்க நேர்ந்ததைத் தன் கையால் திருப்பும் முயற்சியாகவும் இருக்கலாம். என் ஊகம்தான். அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று. நான்காம் பக்கத்தில் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள்: "புயலுக்குப் பிறகு அவரை மணிலாவுக்கு அனுப்பிவிட்டார்களாம், அவர்கள் வீடு போய்விட்டதாம், அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார்." சகோதரி, அந்தப் புயல் ஹையான். பிலிப்பைன்ஸில் யோலாண்டா என்பார்கள். 2013 நவம்பர் 8 அதிகாலையில் கரையேறியது. லெய்ட்டேயின் தக்லோபான் நகரைச் சுற்றிக் கடல் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து ஊருக்குள் வந்தது. அரசுக் கணக்குப்படியே 6,300 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியில் இருந்த மிஷனரிகள் எல்லோரும் உயிர் தப்பினார்கள். சில நாள்களில் அவர்களை மணிலாவுக்குக் கொண்டுபோய், நாட்டின் வேறு பகுதிகளில் பணியில் அமர்த்தினார்கள். பெற்றோர்களுக்கு அது பெரும் நிம்மதி. சபை செய்ததில் தவறும் இல்லை. ஆனால் உங்கள் கணவர் விமானத்தில் ஏறினார், அவர் சோறுண்ட வீட்டார் சேற்றில் நின்றார்கள். ஊழியம் முடிய அப்போது சில மாதங்களே இருந்தன. விடைபெறாமல் பிரிந்த பிரிவு அது.

இத்தகைய பிரிவு மனத்தில் முடிவதில்லை. ஊர்க்காரர்களைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தான் மட்டும் கரையேறியவர்களிடம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைகளிலும் பார்த்தோம். சபை அவரை விட்டுவிடலாம், கடவுளைக்கூட அவர் விட்டுவிடலாம். அந்த வாரத்தை அவரால் விட முடியவில்லை. வாரந்தோறும் அழைத்து அவர்கள் உயிரோடிருப்பதைப் பார்த்துக்கொள்கிறார். அவர் சிரிப்பின் ஒரு பகுதி அந்த நிம்மதியாக இருக்கலாம். உங்களிடம் அப்படிச் சிரிக்காததற்குக் காரணம், உங்களை இழந்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு இன்னும் வராததாகவும் இருக்கலாம்.

அவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாமல் போகுமா?

"நான் நம்பாவிட்டால் அவர்கள் பெற்றது என்ன?" என்று அவர் ஒருமுறை உங்களிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பயத்துக்கு அவர் வளர்ந்த சபையிலேயே பதில் இருக்கிறது. ஞானஸ்நானத்தின் தகுதி, கொடுக்கும் வேளையில் கொடுப்பவருக்கு இருந்த அதிகாரத்தைச் சார்ந்தது. பிற்காலத்தில் அவர் மனம் மாறுவதால் அது அழிவதில்லை. கிறிஸ்தவத்தில் இது மிகப் பழைய வழக்கு. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில், துன்புறுத்தலுக்கு அஞ்சி விசுவாசத்தைக் கைவிட்ட குருமார்களால் வந்த சடங்குகள் செல்லாது என்று டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிவினர் சண்டையே போட்டார்கள். செல்லும் என்ற பக்கத்தில் பின்னால் வந்து வாதாடியவர் அகஸ்டின்.

மார்மன்களின் சொந்த வரலாற்றிலும் இதை ஒத்த ஒரு கதை உண்டு. 1837 ஜூலை 30 அன்று இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில், ரிபிள் ஆற்றில், ஹீபர் கிம்பல் என்ற மிஷனரி ஒன்பது பேருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். முதலாவதாக இறங்குவதற்கு ஆற்றங்கரையில் ஓட்டப் பந்தயமே நடந்தது. வென்றவர் ஜார்ஜ் வாட் என்ற இளைஞர். பிற்பாடு அவர் யூட்டாவுக்கே வந்து, சபைத் தலைவர்களின் பிரசங்கங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்துக் கொடுத்தார். 1874-இல் அவரே சபையிலிருந்து விலக்கப்பட்டார். அதனால் அன்று ஆற்றில் இறங்கிய மற்ற எட்டுப் பேரின் நம்பிக்கை பொய்யாகிவிடவில்லை. அந்தக் காலத்தில் மனம் மாறியவர்கள் கடல் கடந்து வந்து, தமக்குப் போதித்தவர்களின் அக்கம்பக்கத்திலேயே குடியேறினார்கள். உறவு தெருவோடு தெருவாகத் தொடர்ந்தது; போதகர் இளைப்பதையும் கோபப்படுவதையும் தடுமாறுவதையும் அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டில், அவரவர் நாட்டிலேயே இருந்து சபையைக் கட்டுங்கள் என்று சபை சொல்லத் தொடங்கியது. உறவு கடிதமாக மாறியது, இப்போது காணொளி. வாரத்தில் அரை மணி நேரத் திரையில் ஒருவர் என்றைக்கும் இருபது வயது எல்டராகவே இருந்துவிட முடியும். உங்கள் கணவர் அங்கேதான் சிக்கியிருக்கிறார்.

எழுதப்படாத அந்தக் கடிதம்

அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, சபையில் எல்லோரும் சொல்லும் அந்த வாக்கியத்தை, "இந்தச் சபை உண்மை என்று நான் அறிவேன்" என்பதை, எழுதிக் கொடுத்துவிடுவது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பையன் இரண்டு ஆண்டு அதைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடப்பான். பின்னால் உண்மை தெரியவந்தால், சபையைப் பற்றிய சந்தேகத்தைவிட, தன் எல்டர் தனக்கே பொய் எழுதினார் என்பதுதான் அவனை வீழ்த்தும்.

இரண்டாவது, புறப்படும் தறுவாயில் இருக்கும் பையனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. இதில் நேர்மை இருக்கிறது; ஆனால் கனத்தைத் தன் தோளிலிருந்து இறக்கி இருபது வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கும் நேர்மை அது. அவன் கேட்டது ஆசி. வாதத்துக்கு அவன் வரவில்லை.

மூன்றாவதைத்தான் நான் சொல்வேன். முதலில் தாயிடம் பேச வேண்டும். கூட்டு அழைப்பில் அல்ல, அவரிடம் மட்டும், தனியாக. "நான் சில ஆண்டுகளாகச் சபைக்குப் போவதில்லை. உங்களுக்கு நான் சொன்னபோது முழு மனத்தோடுதான் சொன்னேன். உங்கள் நம்பிக்கையைக் கலைக்க நான் வரவில்லை. ஆனால் உங்களிடம் மறைத்துப் பேச இனி என்னால் முடியாது." இவ்வளவு போதும். ஏன் விட்டார் என்ற காரணப் பட்டியல் வேண்டாம். தாய் கேட்டால் மட்டும் சொல்லலாம். பையனுக்கு எப்போது, எப்படித் தெரிய வேண்டும் என்பதை அந்தத் தாயோடு கலந்து முடிவு செய்யட்டும். அவன் அந்தத் தாயின் பிள்ளை.

பிறகு கடிதம். தான் நம்பாத ஒரு வரியும் இல்லாமல், நிறைவான கடிதம் ஒன்றை அவரால் எழுத முடியும். எட்டு வயதில் வெள்ளை உடையில் தண்ணீரில் இறங்கியபோது அந்தப் பையனின் முகம் எப்படி இருந்தது. அவன் தாய் எத்தனை முறை மிஷனரிகளின் பசியை ஆற்றினார். வீடு போன பிறகு அந்தக் குடும்பம் எப்படி எழுந்து நின்றது. முதல் மாதத்தில் ஏக்கம் வந்தால் என்ன செய்வது. அவர் கண்ணால் கண்டது இவ்வளவு இருக்கிறது. சாட்சி என்றால் நம் மொழியில் கண்டதைச் சொல்பவன்தானே.

ஜெபத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். சடங்கில் நம்பிக்கை போன பிறகும் வீட்டுப் பெரியவரின் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஆனாலும் தாயிடம் பேசிய பிறகு, ஜெபத்தை அந்த வீட்டார் யாராவது நடத்தட்டும், இவர் தலை வணங்கி உடன் இருக்கட்டும். பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது அவருக்கு நல்லது. பிலிப்பைன்ஸ்காரர்களிடம் 'உத்தாங் நா லோப்' என்று ஒரு சொல் உண்டு. நம் நன்றிக்கடனுக்கு மிக அருகில் வருவது. அவர்கள் இவருக்குக் கடன்பட்டதாக நினைக்கிறார்கள், இவரோ அவர்களுக்கு. இரண்டு பக்கமும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால் 'எல்டர்' போய் 'கூயா', அதாவது அண்ணன், வரக்கூடும்.

தாய் கோபப்படலாம், அழலாம், சில சனிக்கிழமைகள் அழைப்பை எடுக்காமலும் போகலாம். அந்த ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 12 ஆண்டு உறவு ஒரு மனிதனோடு என்றால் அது நிற்கும். ஒரு பெயர்ப்பட்டையோடு மட்டும் என்றால், அதையும் அவர் தெரிந்துகொள்வது நல்லது.

பணம்

இங்கே உங்கள் பக்கம் நிற்கிறேன். கொடுத்தது தவறில்லை; ஆறு ஆண்டு உங்களிடம் சொல்லாதது தவறு. அதை அவர் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

அதே சமயம் நீங்கள் எழுதியிருக்கும் 'திருட்டு' என்ற சொல் சட்டப்படி பொருந்தாது. கூட்டுக் கணக்கில் இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். 2025-இல் ஒரு நபருக்கு ஆண்டுக்கு 19,000 டாலர் வரையான அன்பளிப்பு, அன்பளிப்பு வரிக் கணக்குக்கே வராது. ஆண்டுக்கு 1,800 டாலர் அனுப்பியதில் வரிச் சிக்கல் இல்லை. தனிநபர்களுக்குக் கொடுத்ததால் இதை நன்கொடையாகக் காட்டி வரிவிலக்குக் கேட்கவும் முடியாது. அப்படிக் கேட்டிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வழக்கறிஞர் அல்ல. இதற்கு மேல் கேள்வி இருந்தால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசினால் போதும்.

இனி என்ன செய்வது என்பதை இருவரும் உட்கார்ந்து முடிவெடுங்கள்: எவ்வளவு, எதற்காக, எதுவரை. பையனின் ஊழியச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாக அவர் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது தேவையில்லை. வசதியில்லாத இளைஞர்களுக்குச் சபையின் பொது மிஷனரி நிதி உதவுகிறது. அந்தக் குடும்பத்துக்கு இடர் வந்தால், உறுப்பினர்கள் மாதம் ஒரு ஞாயிறு உபவாசமிருந்து கொடுக்கும் காணிக்கையிலிருந்து உள்ளூர் ஆயர் உதவ முடியும். உங்கள் கணவர் மட்டுமே அவர்களைத் தாங்கும் தூண் இல்லை. இது அவருக்குத் தெரியாத செய்தி அல்ல. வேறொருவர் சொல்லிக் கேட்க வேண்டிய செய்தி.

ஏன் நீங்கள் எழுதக் கூடாது

அந்த உண்மை அவருடையது. நீங்கள் எழுதினால் அந்தத் தாய்க்கு இரண்டு செய்திகள் ஒன்றாகப் போய்ச் சேரும்: எல்டர் நம்பவில்லை, அதை நம்மிடம் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. முதலாவதை அவர் தாங்கிக்கொள்வார். இரண்டாவது அவரை உடைக்கும். உங்கள் கணவரும், இரண்டாம் முறையாக, விடைபெறாமல் பிரிக்கப்பட்டவராகிவிடுவார். அந்தக் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. புயலுக்குப் பிந்தைய அந்த வாரத்தைப் பற்றி அவரிடம் கேளுங்கள். பணப் பேச்சு எடுக்காத ஒரு நாளில், காரில் போகும்போதோ பாத்திரம் கழுவும்போதோ, முகம் பார்க்காமல் பேச வசதியான நேரத்தில் கேளுங்கள். அவர் பேசத் தொடங்கிவிட்டால் குறுக்கே அறிவுரை சொல்லாதீர்கள். தூக்கம் கெடுவதும் பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதும் இருந்தால், பேரிடரில் தப்பியவர்களைக் கவனிக்கும் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது அவசியம்.

ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தத் திரைக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்ததில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரும் சனிக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்தத் தாயிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் கணவர் அந்த வீட்டில் என்ன சாப்பிட்டார், எதை மறைத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டதாகச் சொன்னார் என்று கேளுங்கள்; தாய்மார்களுக்கு இது மறப்பதில்லை. அங்கே அப்போது காலை நேரமாக இருக்கும். தக்லோபான் பகுதியில் பேசும் வாராய் மொழியில் காலை வணக்கத்துக்கு 'மாஉபாய் ஙா ஆகா' என்பார்கள். உச்சரிப்பை உங்கள் கணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.